சோடாபாட்டில் பச்சை

மூன்று மணிக்குள் ஒரு கலரைச் சொல்லியாக வேண்டும். பெயிண்டர் சுடலைமணி அண்ணாச்சி சாப்பிடப் போகையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனார். “தங்கச்சி, நான் வாரதுக்குள்ள முடிவு பண்ணி வையி. மிஷின்ல கலக்கிட்டாம்னா கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். பெறவு அதப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குத்தான் அடிக்கணும்.” செல்வக்கனி சும்மா இருப்பாளா. “நம்ம வீட்ல ஏது அண்ணாச்சி மாடு? எங்க அத்தானுக்குத்தான் அடிக்கணும்,” என்றாள். அவர் சிரித்த சிரிப்பு கேட் வரைக்கும் கேட்டது. கேட்டைச் சாத்துகிற சத்தம் வந்தது, அவருடைய வண்டி கிளம்பிப் போகிற சத்தம் வந்தது, அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. புரட்டாசி வெயில் முற்றத்துச் சிமெண்டில் விழுந்து வெள்ளையாய்க் கிடந்தது. தெருவில் ஒரு குஞ்சு இல்லை. ஆணி அடிக்காததால் கடிகாரம் இன்னும் தரையில்தான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது, ஒன்றேகால். கடிகாரம் உயரத்தில் இருக்கிறபோது அது பாட்டுக்கு ஓடும், யாரும் கவனிப்பதில்லை. தரையில் இருந்தால் என்னவோ நம்மைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது. செல்வக்கனி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். கலர்தானே, கல்யாணமா பண்ணப் போகிறோம்.

சுவரில் அண்ணாச்சி மூன்று சதுரம் அடித்து வைத்திருந்தார், ஒவ்வொன்றும் முறம் அளவு. முதலில் சந்தனம், அடுத்து வெங்காயத்தோல் ரோஸ், மூன்றாவது பச்சை. அவள் ஜவுளிக்கடையில் சேலையை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் பில் போட விடாதவள். சுவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக முடியாது, அதனால் காலை வெயிலில் ஒரு தடவை, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு தடவை, லைட்டைப் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டாள். சாம்பார் தொட்ட விரலால் மூன்றிலும் ஒரு இழுப்பு இழுத்து, ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தாள். சந்தனத்தில் போய்விட்டது. ரோஸில் போகவில்லை. பச்சையில் தொட்ட இடமே தெரியவில்லை, எங்கே தொட்டோம் என்று தேட வேண்டியிருந்தது. காலையில் அத்தான் டெப்போவிலிருந்து போன் போட்டார். கண்டக்டர் வேலையில் பேச்சும் டிக்கெட் கிழிப்பது போலத்தான், டக்டக்கென்று முடிந்துவிடும். “கனி, சந்தனமே அடிச்சிரு. அழுக்கு தெரியாது.” “அழுக்கு தெரியாம இருக்கணும்னா அழுக்குக் கலரே அடிச்சிரலாம்லா.” “உனக்குப் பிடிச்சத அடிச்சுக்கோ, பஸ் எடுக்காவ, வைக்கேன்.” உனக்குப் பிடிச்சத. அதுதான் இப்போது சிக்கல். பிடித்தது பச்சைதான். கடையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினபோது, ஒரு பக்கத்துக்கு எட்டு என்று ஐம்பது அறுபது பக்கம், அதிலே பச்சை மட்டுமே ஒரு மூட்டை இருந்தது, விரல் நேரே போய் இதில்தான் நின்றது. யோசிக்கவே இல்லை. பந்தியில் நம்ம வீட்டுப் பிள்ளையின் தலையைக் கண்டுபிடிக்கிறோமே, அது மாதிரி. சோடாபாட்டில் பச்சை. புத்தகத்தில் அதற்கு வேறு என்னவோ பேர் போட்டிருந்தது, கடைக்காரர் நம்பர் சொன்னார், எட்டு நாலு ரெண்டு. அவளுக்கு அது சோடாபாட்டில் பச்சை. அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்றைக்குக் காலையில் பத்து மணிக்கு அந்தச் சந்தோஷம் போச்சு. இது புது வீடு இல்லை, வாங்கின வீடு. ஆவணிக்குள் முகூர்த்தம் முடிகிறது என்று பெயிண்ட் அடிக்கும் முன்னாலேயே பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள். அதனால் ஒரு அறையை ஒதுக்கி ஒரு அறையாய் அடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளறைச் சுவரில் ஈரம் ஏறி, கீழே இருந்து இடுப்புக்கு மேல் வரைக்கும் வெள்ளை பொரிந்து கிடந்தது. அண்ணாச்சி பட்டித் தகட்டால் பொரிந்த இடத்தை மட்டும் சுரண்டிக்கொண்டு வந்தார். வெள்ளை அப்பளம் அப்பளமாய் உதிர்ந்தது, அடியில் ஒரு மஞ்சள், அதுவும் உதிர்ந்தது, அதற்கடியில் பச்சை. அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். மேலே அவர் அடித்து வைத்திருந்த சதுரத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். “என்ன தங்கச்சி, இந்த வீட்டுக்காரி அடிச்ச கலரையேதான் நீயும் எடுத்திருக்க. ஒரு புள்ளி கூடக் குறைய இல்ல.” செல்வக்கனி கிட்டே போய்ப் பார்த்தாள். அதே பச்சைதான். கதவு நிலையை ஒட்டி அந்தப் பச்சையில் குறுக்கே குறுக்கே சின்னக் கோடுகள் கீறியிருந்தன, ஆணியால் கீறின மாதிரி. “கொத்தனார் போட்ட மட்டக்கோடுபோல இருக்கு, பூசி மறைச்சிருங்க அண்ணாச்சி,” என்றாள் அவள். அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டார். “மட்டக்கோடுன்னா ஒண்ணுதான் இருக்கும். இது ஏணி மாதிரில்லா ஏறுது.” ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் எழுத்து இருந்தது. தை 1999. தை 2000. அப்படியே ஏறி, தை 2003. அதோடு வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் பொரியவில்லை, அண்ணாச்சியும் சுரண்டவில்லை. பிள்ளைக்கு உயரம் பார்த்த கோடு. பக்கத்து வீட்டு எஸ்தரக்கா, கருவேப்பிலை கேட்டு வந்தவள், அறை வாசலில் நின்றபடியே அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. “இன்னும் இருக்கா இது,” என்றாள். அப்புறம்தான் சொன்னாள். ஒரே ஒரு பொம்பளப்பிள்ளை. வருஷா வருஷம் பொங்கலன்றைக்குக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, இந்த இடத்தில் நிறுத்திக் கோடு போடுவாளாம் தாய்க்காரி. ஆறு வயசு. மாசி மாசம் காய்ச்சல் வந்தது, நாலே நாள். “இழவு விழுந்த வீட்ல அந்த வருசம் பொங்கல் கிடையாது, வெள்ளையடிப்பும் கிடையாது, அது எல்லாருக்கும் உள்ளதுதான். இவ பன்னெண்டு பொங்கலுக்கும் இந்த ரூமுக்கு வெள்ளையடிக்க விடலியே. புருசன் சண்ட போட்டுப் பாத்தாரு. பெறவு ஒரு நா வீட்ட வித்துட்டு இழுத்துட்டுப் போயிட்டாரு. வாடகைக்கு வந்த பீடிக்கடைக்காரன்தான் மஞ்சளையும் வெள்ளையையும் அடிச்சு மறைச்சான்.” அந்தப் பிள்ளையின் பேர் என்ன என்று செல்வக்கனி கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் எஸ்தரக்கா என்ன பேரைச் சொல்லிவிடுவாளோ.

ஒன்றரை. மகள் வதனி முன்னறையில் பாயில் தூங்குகிறாள். அதுதான் பிடிக்கவில்லை. மூன்று வயசுக்கப்புறம் பகலில் தூங்கி அறியாத பிள்ளை, பன்னிரண்டு மணிக்கே கண்ணைச் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள். செல்வக்கனி முன்னறைக்குப் போய் அவள் நெற்றியில் கையை வைத்தாள். சுடுகிற மாதிரி இருந்தது. துணி துவைத்த கை, தண்ணீரில் ஊறின கை, அதற்கு எதைத் தொட்டாலும் சுடும். புறங்கையை வைத்தாள். அதுவும் சுடுகிற மாதிரி இருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தாள், சுடாத மாதிரி இருந்தது. காய்ச்சல் பார்க்கிற குச்சி எந்த மூட்டையில் கிடக்கிறதோ, பாத்திர மூட்டையா, துணி மூட்டையா, ஒன்பது மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. வெயிலில் ஆடின பிள்ளைக்கு உடம்பு சுடத்தானே செய்யும். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் காய்ச்சலா என்று கேட்க வேண்டும். ஆறு வயசு. வதனிக்கு ஐந்து முடிந்து நாலு மாசம். அடுத்த தைக்கு ஐந்தே முக்கால். மாசிக்கு இன்னும் ஒரு மாசம் கூட. கணக்குப் போடாதே என்று தன்னையே வைதாள். ஆனாலும் இன்னொன்று இருக்கிறது, அதை அவள் காலையிலிருந்து நினைக்காமல் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சின அன்றைக்குச் சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாம் வீடு பார்த்துக்கொண்டிருக்கையில் வதனியைக் காணோம். தேடினால் உள்ளறையில், கதவு நிலையை ஒட்டி, சுவரில் முதுகைக் கொடுத்து, குதிகால் இரண்டையும் சுவரோடு சேர்த்து, தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள். யாரும் சொல்லவில்லை. அப்போது அந்தச் சுவர் முழு வெள்ளை, கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. “ஏட்டி, இங்க என்ன செய்யுத?” என்றால், “இங்க நின்னா குளுகுளுன்னு இருக்கும்மா” என்கிறது. செல்வக்கனி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மேற்குச் சுவர், தோசைக்கல்லாய்க் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உயரம் அளந்தார்களே முந்தின வாரம், அந்த ஞாபகத்தில் நின்றிருப்பாள். அப்படித்தான் இருக்கும். டீச்சர் அளந்தது கரும்பலகைப் பக்கமா, கதவுப் பக்கமா? கேட்டால் தெரியும். பிள்ளை எழுந்திருக்கட்டும்.

பச்சையைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை யாரும் பேய் பிசாசு என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் அவளிடம் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. கோலி சோடா பாட்டில் உடைந்த துண்டு, அடிப்பாகம், கனமாய், ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று. அதைக் கண்ணில் வைத்தால் உலகமே பச்சையாகிவிடும். கொடிக்கம்பம் பச்சை, சத்துணவு அண்டா பச்சை. எல்லாம் தண்ணிக்கடியில் இருக்கிற மாதிரி மெதுவாய் அசையும், சத்தம்கூடத் தூரத்திலிருந்து வரும். கல்யாணத்துக்கு அப்புறம்கூட அந்தப் பச்சை எங்கேயாவது கண்ணில் படாதா என்று பார்த்திருக்கிறாள், வளையலில், பஸ் ஜன்னலில். கிடைக்கவில்லை, கடைப்புத்தகத்தில்தான் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் அன்றைக்கு ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு, “எம்மா, என் சோடாபாட்டில் கண்ணாடி ஞாபகம் இருக்கா, ஒண்ணாங் கிளாசுல வச்சிருப்பம்லா, அந்தக் கலர்” என்று சொன்னாள். அம்மா அதட்டினாள். “ஒன் கையில எவ கண்ணாடி குடுத்தா? கைய அறுத்துக்கிடுவன்னு நான் விட்டிருப்பனா? அந்த வருசம் நீ பள்ளிக்கூடத்துக்கே சரியாப் போவலியே. மாசி மாசம் காய்ச்சல்ல கெடந்த. பிழைக்க மாட்டன்னு சொல்லி டாக்டரே கையை விரிச்சாரு. நாலாம் நாளு வேர்த்துது, எந்திச்சு உக்காந்து தண்ணி கேட்ட.” அம்மாவுக்கு வயசாகிறது, எதையும் எதோடும் கலப்பாள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள். அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குச் சுவரில் 2003 என்று, தான் ஒன்றாம் வகுப்பில் இருந்த அதே வருஷத்தைப் படித்த பிறகுதான் அது வந்து மாட்டிக்கொண்டது, முள்ளில் முந்தானை மாட்டின மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுக்கிறது. மாசி மாசம். நாலு நாள். அந்தக் கண்ணாடித் துண்டு ஈரமாய் இருந்ததா, சுட்டதா? அதைக் கையில் பிடித்த ஞாபகம் உண்டா? யோசிக்க யோசிக்கக் கைக்கு ஒரு கனமும் வரவில்லை. கண்ணுக்கு மட்டும் பச்சை வருகிறது. நாலு பக்கமும் பச்சை. ஒரு அறை மாதிரி.

சரி, சந்தனம். சந்தனம் என்று சொல்லிவிடுவோம், அழுக்கு தெரியாது, அத்தானுக்கும் சந்தோஷம், எஸ்தரக்காவும் காலெடுத்து உள்ளே வைப்பாள். பிள்ளை வளருகிற வீட்டில் எதற்கு இந்த வம்பு. முடிவு பண்ணிவிட்டதும் உடம்பு லேசானது. ரெண்டு மணி. போய் வதனி நெற்றியைத் தொட்டாள். இப்போது சந்தேகமே இல்லை, சுட்டது. பிள்ளை உதடு காய்ந்திருந்தது. துணியை நனைத்துப் போட்டுவிட்டு வந்து உள்ளறை நடுவில் நின்றாள். தை 2003 கோடு வதனியின் தலைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? மூன்று விரலா, நாலு விரலா? பிள்ளையை நிறுத்திப் பார்க்கவா? மாட்டேன், செத்தாலும் அங்கே நிறுத்த மாட்டேன். அதற்கு மேல் கோடு இல்லை என்பதுதானே பயம். அதற்கு மேல் கோடு இல்லை என்று யார் சொன்னது? வெள்ளையல்லவா ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்தரக்கா வயசைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். வேறு வீட்டுப் பிள்ளையை இந்த வீட்டுப் பிள்ளையோடு கலந்திருக்கலாம். மேலே ஒரே ஒரு கோடு, 2004 என்று ஒரே ஒரு கோடு இருந்துவிட்டால் போதும், பிள்ளை வளர்ந்தது, இந்தச் சுவர் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை என்று ஆகிவிடும். வாளியில் அண்ணாச்சியின் பட்டித் தகடு கிடந்தது. எடுத்தாள். ஆப்பச்சட்டியில் ஒட்டினதைச் சுரண்டாத கையா. சரக், சரக். மேல் வெள்ளை கெட்டியாய்ப் பிடித்திருந்தது, அழுத்தி இழுத்தால் தூளாய்க் கொட்டியது, மூக்கில் ஏறியது, கண் எரிந்தது. மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. அதில் ஒரு கோடு வந்தது. தை 2004.

செல்வக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். கட்டேல போற எஸ்தரக்கா, ஒரு மனுஷியை என்ன பாடு படுத்திவிட்டாள். வளர்ந்திருக்கிறாள் பாரு, மூன்று விரக்கடை. அடுத்தது பார்ப்போம். சரக், சரக். தை 2005. தை 2006. ஒவ்வொன்றாக, முதலில் கோடு, அப்புறம் அந்த ஆணி எழுத்து. ஏழு, எட்டு. பெரிய பெண் ஆகிற வயசில் ஒரே வருஷத்தில் ஐந்து விரக்கடை ஏறியிருக்கிறது, அப்படித்தானே ஏறும், தனக்கும் அப்படித்தான் ஏறியது, பாவாடை எல்லாம் முட்டுக்கு வந்துவிட்டது. அங்கேதான் கை நின்றது. கீழே இருக்கிற கோடுகளைக் குனிந்து பார்த்தாள். கீழ்க் கோடுகள் கோணல்மாணல். பிள்ளை நெளிந்திருக்கும், எம்பியிருக்கும், சிரித்திருக்கும், ஆணி வழுக்கியிருக்கும். 2001இல் கோடு பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்திருந்தது. 2003க்கு மேலே ஒரு கோடும் கோணவில்லை. அத்தனையும் நூல் பிடித்த மாதிரி. யாரும் நெளியவில்லை. நெளிய அங்கே ஒரு தலை இல்லை. எஸ்தரக்கா சொன்னது சரிதான். பன்னிரண்டு பொங்கலுக்கும் அந்தத் தாய் வெறும் சுவரைப் பார்த்து நின்று கோடு போட்டிருக்கிறாள். இந்த வருஷம் என் நெஞ்சு வரைக்கும் வந்திருப்பாள், இந்த வருஷம் என் காது வரைக்கும், என்று தன்மேலேயே அளந்து பார்த்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். இல்லை, வேறு எதைப் பார்த்து அளந்தாள்? ஒரு வருஷம் ஐந்து விரக்கடை என்று அவளுக்கு யார் சொன்னது? சுரண்டுவதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கை கேட்கவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. தை 2015. அதற்கு மேலே சுரண்டினாள், பச்சைதான் இருந்தது, கோடு இல்லை. அந்தக் கடைசிக் கோடு அவள் கண்ணுக்கு நேராக இல்லை, கொஞ்சம் மேலே, நெற்றிக்கு மேலே, வகிடு எடுக்கிற இடத்துக்கு நேராக இருந்தது.

தகடு கையில் இருக்கிறது. வெயில் சத்தமில்லாமல் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து தரையில் நீட்டிப் படுத்திருந்தது. பதினெட்டு வயசுக்கப்புறம் யாரும் வளருவதில்லை. தனக்கு எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியாது, யாரும் அளந்ததில்லை, பிளவுசுக்கு அளந்ததோடு சரி. 2015இல் அவளுக்குப் பதினெட்டு. பார்க்க வேண்டாம். பார்த்தால்தான் என்ன. திரும்பி நின்றாள். முதுகு சுவரில் பட்டது, குதிகால் தானாகப் பின்னுக்குப் போய் ஒட்டிக்கொண்டது, தலை நிமிர்ந்தது. எங்கே நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, புத்தகத்தில் விரல் போய் நின்ற மாதிரிதான். தகட்டைத் தலைக்கு மேல் படுக்கையாய் வைத்து அழுத்திப் பிடித்தாள். தகட்டின் முனை சுவரில் உரசி, அந்தக் கடைசிக் கோட்டின் பள்ளத்தில் கடக்கென்று உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம். இப்படி அப்படி அசைத்தாள், அசையவில்லை. அப்படியே கையை எடுக்காமல், மூச்சு விடாமல் நின்றாள், எதிரே அறை முழுக்க வெளிச்சம் பச்சையாய் இருந்தது, கீழே உதிர்ந்து கிடந்த தூளிலிருந்தோ சதுரத்திலிருந்தோ தெரியவில்லை, தண்ணிக்கடியில் மாதிரி. அப்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. பயத்துக்கு நடுவில், அடுப்பில் பாலை மறந்து வந்தவள் ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பே பற்ற வைக்கவில்லை என்பது மாதிரி, அவ்வளவு ஆறுதலாக. இந்த வீடு காத்துக்கொண்டிருந்தது வதனிக்கு இல்லை.

“அம்மா.”

நின்ற இடத்திலிருந்து அவளுக்கு உடனே அசைய முடியவில்லை. கூப்பிட்டது முன்னறையிலிருந்துதானா, தன் வாயிலிருந்தா என்று ஒரு நொடி விளங்கவில்லை. “அம்மா, தண்ணி.” ஓடினாள். வதனி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்து ஊற்றியிருந்தது. கையை வைத்தாள், புறங்கையை வைத்தாள், கன்னத்தை வைத்தாள். சில்லென்று இருந்தது. பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்துவிட்டு, “ஏம்மா உன் தலையெல்லாம் மாவு?” என்று சிரித்தது. “முறுக்கு சுடப் போறேன், அதான்,” என்றாள் செல்வக்கனி. சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. கேட் திறந்தது. மூன்றுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

சுடலைமணி அண்ணாச்சி உள்ளறைக்குள் வந்து சுவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “என்ன தங்கச்சி, என் பொழப்பையும் நீயே எடுத்துக்கிட்டியா? நல்லா இருந்த வெள்ளையப் போட்டு இந்தச் சுரண்டு சுரண்டியிருக்க.”

“கூலில கழிச்சுக்கிடுங்க.”

“சரி, நம்பரைச் சொல்லு. சந்தனந்தான?”

சந்தனம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “எட்டு நாலு ரெண்டு,” என்றாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். “காலைல அந்தக்கா சொன்னதக் கேட்டு நீ வேண்டாம்பன்னுல்லா நெனச்சேன். பச்சையா? நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சாச்சு. நாலு பக்கமும் அதே அடிச்சிருங்க.”

“இந்தக் கோட்டையெல்லாம் பட்டி வச்சு மூடிருதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி. நிலையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு விட்டுருங்க. அது எப்படி இருக்கோ அப்படியே கெடக்கட்டும்.” வதனி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தது. செல்வக்கனி பிள்ளையைப் பின்னால் இழுத்து அறை வாசலுக்கு அந்தப்புறமாக நிறுத்தினாள். “அங்கயே நில்லுடி, தூளா கெடக்கு.” அப்புறம் திரும்பி, “அண்ணாச்சி, காதுல செருகியிருக்க பென்சில எடுங்க,” என்றாள்.

“எதுக்கு, பிள்ளைக்கு உயரம் பாக்கவா? வரச் சொல்லு.”

“பிள்ளைக்கில்ல,” என்று குதிகால் இரண்டையும் சுவரோடு சேர்த்து நிமிர்ந்து நின்றாள் செல்வக்கனி. மூன்று மணி வெயில் முழுக்க அந்த மேற்குச் சுவரில்தான் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் குளுகுளுவென்று இருந்தது.